கொட்டுன மண்ணில் வீடு வேண்டாமென்ற மாரிமுத்து அண்ணன்

குழாயடியில் பானை கழுவிக்கொண்டிருந்தபோது என் பேத்தி ஓடிவந்து போனை என் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் காமாட்சி. மாரிமுத்து அண்ணனின் ஒரே மகள். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக இருந்தவள்.

"அத்தே, அப்பா போயிட்டாருங்க."

"எப்ப?"

"இப்பத்தான். தண்ணி கேட்டாரு. கொண்டாந்து குடுக்குறதுக்குள்ள…"

பானையை அலசிக் கவிழ்த்து வைத்தேன். அழுகை பிறகு வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். பூமி ஆடினாலும் ஆடாத தரையில் எங்கள் சனங்களுக்கு வீடு வரவேண்டும் என்று மூன்று வருடம் அலைந்த மனிதர், அந்தத் தரையில் தனக்கென்று ஒரு முழம் இல்லாமல் போய்விட்டார். முந்தின வாரம் நான் பார்க்கப் போயிருந்தபோது, படுத்தபடியே என் கையைப் பிடித்து, "தங்கச்சி, எம்மகளை அந்த வெடிச்ச செவத்துக்குக் கீழ விட்டுட்டுப் போறேன்" என்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்டவரில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, சொன்னார். அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் சந்தியில் பேனர் ஏறிவிட்டது. "மக்கள் குடியிருப்பு கண்ட மாரிமுத்து ஐயாவுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று எழுதி, கீழே எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் ராஜமாணிக்கத்தின் படம். அண்ணனின் படம் உள்ளங்கை அகலம், தலைவரின் படம் ஆள் உயரம். பஸ்ஸில் போகிறவர்கள் செத்தது யார் என்று குழம்பியிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எழுதுவதென்று முடிவெடுத்தேன். இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவரை நல்லவர், வல்லவர் என்று எழுதுவார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஞாபகத்துக்குப் படிப்பு வேண்டியதில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாரிமுத்து அண்ணன் கான் வெட்டியவர். மழைத்தண்ணீர் தேயிலை மலையின் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் குறுக்கே வெட்டிவிடும் வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். பெண்கள் நாங்கள் மலைக்கு மேலே இருக்கிற கொழுந்தைப் பார்ப்போம். அவர் மலைக்கு உள்ளே இருப்பதைப் பார்ப்பார். எந்த மழைக்கு எங்கே ஊற்றுக் கிளம்பும், எந்த இடம் ஆதியிலிருந்தே மலை, எந்த இடம் மனிதன் கொண்டுவந்து நிரப்பியது, எல்லாம் அவர் காலுக்குத் தெரியும். மண்ணை அவர் இரண்டாகத்தான் பிரிப்பார். பொறந்த மண்ணு, கொட்டுன மண்ணு. "பொறந்த மண்ணு பெத்தவ மாதிரி. ஆடுனாலும் புள்ளையை விடாது. கொட்டுன மண்ணு வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. ஒரு ஆட்டு ஆட்டுனா மூட்டையைக் கட்டிரும்" என்பார். என் வீட்டோடு இருந்த மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் சொல்வார்.

இப்படிப்பட்டவரோடு நான் பதினோரு வருடம் பேசவில்லை. அதையும் மறைக்கப் போவதில்லை. எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் நான் பீன்ஸ் போட்டிருந்தேன். பூப்பிடித்த நேரம். ஒருநாள் வேலை விட்டு வந்து பார்த்தால், பீன்ஸ் பாத்தியின் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு கான் ஓடுகிறது. கொடியெல்லாம் ஓரத்தில் குவிந்து கிடக்கிறது. அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நிற்கிறார்.

"யாரைக் கேட்டு வெட்டுனீங்க?"

"தண்ணியைக் கேட்டு."

அவ்வளவுதான் பதில். அந்த வருடத்துப் பெருமழையில் அடுத்த லயத்தின் பின்சுவர் சேறோடு உள்ளே வந்தது. எங்கள் லயம் நின்றது. எல்லோரும் அவரைக் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. லயம் நின்றது வேறு, என் பீன்ஸ் வேறு. கேட்டு வெட்டியிருந்தால் நானே கொடியைப் பிடுங்கிக் கொடுத்திருப்பேனே.

பிறகு பூமி ஆடியது. பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். முதலில் லொறி போகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தட்டுகளெல்லாம் ராக்கையிலிருந்து இறங்கி வந்தன. லயத்து வீட்டுக்கு ஒரே ஒரு கதவுதான். நிலை கோணிக்கொண்டு அதுவும் இறுகிவிட்டது. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவை உதைத்தேன். எண்ணிப் பத்து உதை. திறந்தபோது ஆட்டம் நின்றுபோயிருந்தது. எவருக்கும் உயிர்ச்சேதமில்லை. நானுஓயா பக்கமிருந்து வேனில் வந்த ஐயாமார், "சின்ன அதிர்வுதான், பயப்பட வேண்டாம்" என்று சொல்லி, பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பத்து உதையை அவர்களில் எவரும் உதைத்ததில்லை.

மறுநாள் அண்ணன் கையில் ஒரு கரித்துண்டோடு லயம் லயமாகப் புறப்பட்டார். சுவரில் வெடிப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று இரண்டு முனையிலும் கோடு போடுவார். சில வாரம் கழித்துவந்து, வெடிப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார். என் வாசலுக்கும் வந்தார். என்னிடம் பேச முடியாதே. கட்டியிருந்த ஆட்டிடம் சொன்னார்.

"வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்லு, செவத்துல கரி போடணும்."

நானும் ஆட்டிடமே சொன்னேன். "போட்டுட்டுப் போகச் சொல்லு. எம்மூஞ்சில பூசுன கரியோட இதுவும் இருக்கட்டும்."

அவர் உள்ளே வந்து கோடு போட்டார். வெளியே போகும்போது, "கதவு இறுகிப்போச்சாமே" என்றார், இந்த முறை என்னைப் பார்த்து. "எனக்கும் அப்படித்தான் தங்கச்சி. காமாட்சி உள்ள இருந்தா." பதினோரு வருடம் அங்கே முடிந்தது.

அவர் போட்ட கோடுகள் ஒரு செய்தி சொல்லின. பொறந்த மண்ணில் நின்ற லயங்களில் வெடிப்பு மயிரிழை. கொட்டுன மண்ணில் நின்ற லயங்களில் விரல் போகிறது. ஒரே மலை, ஒரே ஆட்டம். அவருடைய வீடு கீழ் ஓரத்தில், நிரப்பின மண்ணில்தான் இருந்தது. காமாட்சி படுக்கிற பக்கத்துச் சுவரில் என் கை மணிக்கட்டு வரை போனது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சந்தியைச் சின்ன டவுனாக்கும் திட்டம் வந்தது. கடைகள், பஸ் தரிப்பிடம், லயத்துச் சனங்களுக்குத் தனித்தனி வீடுகள். புள்ளைக்காம்பராவில், அதுதான் வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் மண்டபத்தில், கூட்டம் வைத்தார்கள். மக்களின் கருத்தைக் கேட்கிறோம் என்றார்கள். ஐயாமார் வந்தார்கள், தலைவர் வந்தார். படம் ஒன்றைச் சுவரில் மாட்டி அரைமணி நேரம் பேசினார்கள். ஒரு பிள்ளை தாளும் பேனாவும் கொண்டுவந்து, கையெழுத்துப் போடச் சொன்னது.

நாங்கள் என்ன சனம்? எங்கள் பாட்டன் காலத்திலிருந்து பெரட்டில் பேரைக் கூப்பிட்டால் குரல் கொடுத்துப் பழகிய சனம். பேர் விழாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. தாளைக் கண்டதும் எல்லோரும் வரிசையில் நின்று போட்டோம். வந்திருக்கிறோம் என்பதற்கு அடையாளம் என்றுதான் நினைத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. அண்ணனும் போட்டார். அடுத்த வாரம் கொட்டுப்பள்ளத்தில் பலகை நட்டிருந்தது. "மக்கள் பங்களிப்புடன் நிர்மாணிக்கப்படும் வீடமைப்புத் திட்டம்." எங்கள் கையெழுத்தையெல்லாம் சம்மதம் என்று சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

கொட்டுப்பள்ளம் என்பது பெயரிலேயே இருக்கிறது. ரோட்டை அகலமாக்கியபோது வெட்டிய மண், தொழிற்சாலைக் கழிவு, உடைந்த செங்கல், எல்லாவற்றையும் வருடக்கணக்காகக் கொட்டி நிரப்பிய பள்ளம். தேயிலை வளராத இடம், அதனால் தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கொடுக்க மனசு வந்தது. அண்ணன் அந்தப் பலகையை முழுவதும் வாசித்துவிட்டு, "நம்ம பங்களிப்பு பேரு குடுத்ததுதான் தங்கச்சி" என்றார்.

நான் அழுதேன். முதல் கையெழுத்து போட்டவள் நானல்லவா. அவர், "அழுது என்ன செய்ய? கையெழுத்துப் போட்ட கைதானே, நாளைக்கு ஒரு கூடை எடுத்துட்டு வா" என்றார்.

மறுநாள் லீவு. அவரும் அவரோடு கான் வெட்டிய நாலுபேரும் பள்ளத்தின் நடுவில் தோண்டத் தொடங்கினார்கள். நாங்கள் பெண்கள் கூடையில் மண்ணைச் சுமந்தோம். ஆள் உயரம் தோண்டியும் உரப்பை வருகிறது, ரப்பர் செருப்பு வருகிறது, தேயிலைத் தூசி அப்படியே கறுப்பாக வருகிறது. மலை வரவில்லை. அதற்குள் தலைவர் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னதை அட்சரம் பிசகாமல் எழுதுகிறேன். "கான் வெட்டுறவனெல்லாம் இஞ்சினியர் ஆயிட்டானுங்க. நாளைக்கு ஆட்டுக்காரன் டொக்டர் ஆவான்." அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஐந்து பேர். பெயரை எழுதவில்லை. அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணன் குழிக்குள் நின்றபடியே கேட்டார். "தலைவரே, எறங்கி வாங்க. ஒங்க கையால மலையை எடுத்துக் காட்டுங்க, நான் மண்வெட்டியைப் போட்டுர்றேன்."

தலைவர் இறங்கவில்லை. வெள்ளைக் காற்சட்டை.

ஆனால் இன்னொருவர் இறங்கினார். திட்டத்துக்குப் புதிதாக வந்த இஞ்சினியர் மிஸ், சிங்களப் பிள்ளை. செய்தி கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கி, மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். அண்ணன் சிங்களத்தில் கடகடவென்று விளக்கினார். கரிக்கோடுகளைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளை எல்லாச் சுவரையும் பார்த்துவிட்டு, "மாமா, இது எங்க படத்துல இல்ல" என்றது, கொச்சைத் தமிழில். அண்ணன், "படம் போட்டவங்க மழையில நிக்கலையே மகளே" என்றார்.

அதன்பிறகுதான் உண்மையான கூட்டம் நடந்தது. அது மண்டபத்தில் இல்லை, மலையில். லயத்துக்கு இரண்டு பேர் என்று நாங்களே ஆள் தெரிந்தெடுத்தோம். எங்கள் லயத்துக்கு நான். மிஸ் படத்தோடு முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தோம். கொழுந்து பறிக்கும்போது கால் புதைகிற இடம், வெயில் காலத்திலும் ஈரம் காயாத இடம், பழைய லயம் சரிந்து மூடிய இடம், ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அங்கெல்லாம் அண்ணன் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். கடைசியில் துணி கட்டாமல் மிஞ்சியது கோயில் மேடு. அங்கே இரண்டு முழம் தோண்டியதும் மண்வெட்டி கல்லில் மோதி, கணீரென்றது. அண்ணன் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு இரண்டு கதவு வேண்டுமென்று நான் கேட்டேன். மூலைக்கு மூலை கம்பி வைத்துக் கொங்கிறீட் கட்டு ஓடவேண்டுமென்று அண்ணன் கேட்டார். வீடுகளுக்கு நடுவில் எல்லோரும் ஓடிவந்து நிற்க ஒரு வெளி வேண்டுமென்று எல்லோருமாகக் கேட்டோம். மிஸ் எழுதிக்கொண்டது. நல்ல தேயிலை போகிறதே என்று துரை முனகினார். ஆனாலும் படம் மாறியது. அதற்குள் கொட்டுப்பள்ளத்தில் அவசரமாகப் போட்ட முதல் இரண்டு அத்திவாரமும் அந்த வருட மழையிலேயே இறங்கிப் பிளந்தன. இப்போது அங்கே ஆடு படுக்கிறது.

மேட்டில் வீடு என்று ஆனதும் தலைவர், "நான் வாங்கிக் குடுத்தேன்" என்று சந்தியில் பேசினார். சரி, பேசட்டும். பிறகு வீட்டுப் பட்டியல் வந்தது. அதில் மாரிமுத்து என்ற பெயர் இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில் முதல் இடம் தலைவரின் மச்சானுக்கு. கந்தப்பளையில் கடை வைத்திருப்பவர். எங்கள் தோட்டத்தில் ஒரு நாள்கூடக் கூடை தூக்காதவர்.

நான் தலைவர் வீட்டு வாசலுக்கே போனேன்.

"தலைவரே, அண்ணன் பேரு எங்க?"

"அவரு வயசாகி வேலையை விட்டவருங்கம்மா. சட்டத்துல எடமில்ல."

"ஒங்க மச்சான் எந்த மலையில வேலை செய்றாரு?"

"அது வேற விசயம்." கதவைச் சாத்தப் போனவர் திரும்பி, மெதுவாகச் சொன்னார். "பள்ளத்தைத் தோண்டுனாருல்ல பாக்கியம்மா, அதுக்குள்ளயே இருக்கட்டும்."

அதைத் தலைவர் இன்றைக்கு மறந்திருக்கலாம். இப்போது அச்சில் இருக்கிறது.

அண்ணனிடம் வந்து சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குக் கோபம். மிஸ் மேலிடத்துக்கு எழுதியது, பதில் வரவில்லை, அந்தப் பிள்ளைக்கும் வேறு ஊருக்கு மாற்றம் வந்துவிட்டது. அண்ணனோ தினமும் மேட்டுக்குப் போய், மற்றவர்களின் வீடுகள் வரப்போகும் இடங்களுக்கு மேலே கான் வெட்டிக்கொண்டிருந்தார். "யாரு வீடா இருந்தா என்ன, நிக்கணும்ல" என்பார். சாயங்காலம் அந்த வெடித்த சுவருக்கே திரும்பி வருவார். மழைநாளில் காமாட்சியைக் கதவோரம் படுக்கச் சொல்லிவிட்டு, தான் சுவரோரம் படுப்பார். அந்த ஈரம்தான் நெஞ்சில் இறங்கியது. டொக்டர் வேறு பெயர் சொல்வார். நான் ராஜமாணிக்கம் என்றுதான் சொல்வேன்.

சாவுக்குத் தோட்டமே வந்தது. தப்பு முழங்கியது. தலைவரும் வந்தார், மாலையோடு, போட்டோக்காரரோடு, மச்சானோடு. பெட்டிக்கு முன்னால் நடந்தார். எங்கள் வழக்கப்படி பெண்கள் முச்சந்தி வரைக்கும்தான் போவோம். அங்கே பெட்டியை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்கிக்கொண்டு ஆண்கள் மட்டும் இடுகாட்டுக்குப் போவார்கள். பிணம் இறக்கி வைத்த இடத்தில் யாரும் குடித்தனம் பண்ண மாட்டார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பெட்டி தூக்கியவர்கள் அவரோடு கான் வெட்டியவர்கள். முந்தின நாளே நான் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருந்தேன். ஆமாம், நான்தான் சொன்னேன். வேறு யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். முச்சந்தியில் அவர்கள் நிற்கவில்லை. ஐம்பது அடி தள்ளி, கோயில் மேட்டில் ஏறி, எல்லைக்கல் நட்டிருந்த முதல் இடத்துக்கு நடுவில் பெட்டியை இறக்கினார்கள்.

தப்பு நின்றது. தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"இங்க எதுக்குய்யா எறக்குறீங்க?"

நான் முன்னால் வந்தேன். "பெரியவரு களைச்சுப் போயிட்டாருங்க தலைவரே. மூணு வருசம் நின்னவரு. செத்த நேரம் படுத்துக்கட்டும்."

"பாக்கியம்மா, இது எங்க மச்சானோட எடம்."

"தெரியுங்க. அதான் நல்ல எடமாப் பாத்து எறக்கியிருக்கு. அவரே தோண்டிப் பாத்த எடம்தானே?"

பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம். அவசரப்படவில்லை. மச்சானின் பெஞ்சாதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "நான் இங்க காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். போட்டோக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார். தலைவரின் முகத்தை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். எனக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறதோ, அத்தனைக்கும் அந்த முகம் போதும்.

அவருக்காகப் பரிதாபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சாவு வீட்டில் இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அதனால்தான் அவர் படுத்த பிறகு செய்தேன்.

மச்சான் இடம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டியலில் இருந்த வேறு எவரும் அதை எடுக்கத் துணியவில்லை. எடுக்கத் துணிந்தவள் ஒருத்திதான். "அப்பா படுத்த எடம் எனக்கு எப்படித்தே தோசமாகும்?" என்று காமாட்சி கேட்டாள். இடத்தைக் காலியாக விட முடியாமல், கருமாதிக்கு முன்பே அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. தலைவர் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

நேற்று மேசன் பாஸ் வந்து அத்திவாரத்துக்கு நூல் கட்டினார். நூலுக்குள்ளே காமாட்சி இங்கும் அங்கும் நடந்து பார்த்தாள். பிறகு ஓரிடத்தில் குந்தி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அடுப்பு ஊதுகிறவள்போல முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடுப்பு இங்கதான் வரணும்த்தே" என்றாள்.

அண்ணே, அது உங்கள் தலைமாடு இருந்த இடம். அடியில் கல். உங்கள் மகள் இனிச் சுவரைப் பார்த்துப் பார்த்துத் தூங்க வேண்டியதில்லை. நீங்கள் எவர் மேலும் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் நிம்மதியாகப் போய்ச் சேருங்கள். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாக்கியம்
கீழ் லயம்